மகாதீரின் இரண்டு ராஜினாமாக்கள்

2002 ஜூன் 22, கோலாலம்பூர். புத்ரா உலக வாணிப மையத்தில் ஆளுங்கட்சியான அம்னோவின் ஆண்டுப் பேரவை முடியப்போகிறது. கட்சித் தலைவரும் மலேசியப் பிரதமருமான மகாதீர் முகமட் நிறைவுரை ஆற்றிக்கொண்டிருக்கிறார். வழக்கமான பேச்சு. திடீரென்று, கட்சியிலும் கூட்டணியிலும் தான் வகிக்கும் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகுகிறேன் என்கிறார். குரல் உடைகிறது, அழுகிறார். அமைச்சர்கள் மேடைக்கு ஓடி அவரைச் சூழ்ந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். தொலைக்காட்சியில் நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து துணைப் பிரதமர் அப்துல்லா படாவி வெளியே வந்து, தலைவர் முடிவை மாற்றிக்கொண்டார் என்று அறிவித்தார். அதற்கப்புறம் 16 மாதம் பதவியில் இருந்து, 2003 அக்டோபர் 31 அன்று, தானே குறித்த நாளில் மகாதீர் இறங்கினார்.

2020 பிப்ரவரி 24. அதே மனிதர், வயது 94, மறுபடியும் பிரதமர். பிற்பகலில் ராஜினாமா கடிதம் அரண்மனைக்குப் போனது. மாமன்னர் ஏற்றுக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் வேறொருவர் பிரதமராகப் பதவியேற்றுவிட்டார்.

வயதான தலைவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் டீக்கடை இரண்டாகப் பிரிந்துவிடும். "பழம் தின்று கொட்டை போட்டவர், அவருக்குத் தெரியாததா?" என்று ஒரு பெஞ்ச் சொல்லும். "பேரன் பேத்தியோடு இருக்க வேண்டிய வயசில் இன்னும் நாற்காலி கேட்குதா?" என்று எதிர்ப்பெஞ்ச் கேட்கும். இரண்டு பெஞ்சும் வயதையும் அனுபவத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. மகாதீர் விஷயத்தில் மட்டும் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. 1989-இலும் 2007-இலும் இதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் அவர். ஆனாலும் 94 வயதில் ஞாபகம் தடுமாறவில்லை. நிருபர்களின் கேள்விகளுக்கு நக்கலாகவே பதில் சொன்னார். உடம்பும் மூளையும் அவரைக் கவிழ்க்கவில்லை. ஒருமுறை பலித்த வித்தை மறுபடியும் பலிக்கும் என்ற நம்பிக்கைதான் கவிழ்த்தது என்பது என் கணிப்பு. அந்த நம்பிக்கை நீண்ட அனுபவத்தின் பிள்ளை. அதே அனுபவம்தான் 2018-இல் வேறு யாராலும் முடியாத ஒன்றை அவர் செய்யவும் காரணம். அதனால் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்பு எழுதிவிட முடியாது.

முதல் இன்னிங்ஸ், சுருக்கமாக

1925 ஜூலை 10, அலோர் ஸ்டாரில் பிறந்தார். மருத்துவர். 1964-இல் முதல்முறை நாடாளுமன்றம். 1969-இல் தன் தொகுதியிலேயே ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். அதே ஆண்டு பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைக் கண்டித்துக் கடிதம் எழுதியதால் கட்சியிலிருந்தும் தூக்கப்பட்டார். 1972-இல் திரும்பி வந்தார். 1974-இல் கல்வி அமைச்சர், 1976-இல் துணைப் பிரதமர், 1981 ஜூலை 16-இல் பிரதமர். அங்கிருந்து 22 ஆண்டு.

புரோட்டோன் கார், இரட்டைக் கோபுரம், புத்ராஜெயா, சிப்பாங் விமான நிலையம் என்று மலேசியாவுக்குப் போய்வந்த யாரும் பார்க்கும் பாதி விஷயம் அந்தக் காலத்தில் கட்டியது. அதைப் பேசினால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். இந்த ஆய்வுக்குத் தேவையானவை வேறு மூன்று சங்கதிகள்.

முதலாவது, 1987 கட்சித் தேர்தல். தலைவர் பதவிக்குத் தெங்கு ரசாலி ஹம்சா எதிர்த்து நின்றார். மகாதீருக்கு 761 வாக்கு, ரசாலிக்கு 718. வெறும் 43 வாக்கில் தப்பித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போய், பழைய அம்னோ சட்டவிரோத அமைப்பு என்றே தீர்ப்பாகி, 1988-இல் புதிய அம்னோவை அவர் பதிவு செய்தார். தனக்கு வேண்டாதவர்களை வெளியே நிறுத்தி, கட்சியையே புதிதாகக் கட்டிக்கொண்டார் என்று அர்த்தம். கட்சி இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

இரண்டாவது, 1987 அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். எதிர்க்கட்சியான ஜனநாயகச் செயல் கட்சியின் லிம் கிட் சியாங், அவருடைய மகன் லிம் குவான் எங் இருவரும் அதில் அடக்கம். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மூன்றாவது, வாரிசுகளின் வரிசை. மூசா ஹித்தாம், கபார் பாபா, அன்வார் இப்ராஹிம், அப்துல்லா படாவி என்று நான்கு துணைப் பிரதமர்கள். மூசா 1986-இல் தானே விலகினார். கபார் 1993-இல் அன்வாரால் ஓரங்கட்டப்பட்டார். அன்வாரை 1998 செப்டம்பர் 2 அன்று மகாதீர் பதவிநீக்கம் செய்தார், அப்புறம் சிறை. அப்துல்லாவுக்கு மட்டும்தான் நாற்காலி கிடைத்தது. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அவரையும் மகாதீர் வெளிப்படையாகத் தாக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்து வந்த நஜிப் ரசாக்குக்கும் அதே கதி. நஜிப் விஷயத்தில் காரணம் வலுவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2018: அனுபவம் வென்ற ராத்திரி

2015-இல் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் வெடித்தது. நஜிப்பின் தனிப்பட்ட வங்கிக் கணக்குகளுக்கு 260 கோடி ரிங்கிட் வந்திருந்தது என்ற செய்தி நாட்டை உலுக்கியது. கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முகைதீன் யாசின் அந்த ஜூலையிலேயே நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் 6 சதவீதப் பொருள் சேவை வரி வந்திருந்தது. மார்க்கெட்டுக்குப் போய்வந்த எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். 2016-இல் மகாதீர் அம்னோவிலிருந்து வெளியேறி, முகைதீனோடு சேர்ந்து பெர்சாத்து கட்சியைத் தொடங்கினார். வயது 91.

2016 செப்டம்பர் 5. கோலாலம்பூர் நீதிமன்றம். சிறையில் இருந்த அன்வார், தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்குக்காக அழைத்துவரப்பட்டிருந்தார். அங்கே மகாதீர் வந்தார். 18 ஆண்டுகளில் முதல் சந்திப்பு. கை குலுக்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு படம் மலேசிய அரசியலின் கணக்கை மாற்றிவிட்டது.

ஏன் என்று புரிய, அதற்கு முந்தைய தேர்தல்கள் எப்படி நடந்தன என்று தெரிய வேண்டும். எதிர்க்கட்சிக்குப் போட்டால் ஆட்சி சீனர் கையில் போய்விடும் என்ற பயத்தைக் கிராமப்புற மலாய்க்காரர்களிடம் ஊட்டுவது ஆளுங்கட்சியின் நிரந்தர ஆயுதம். நகரத்துப் பட்டதாரி எத்தனை புள்ளிவிவரம் காட்டினாலும் அந்தப் பயம் போகாது. 22 வருஷம் அம்னோவை நடத்தியவரே "எனக்குப் பயமில்லை, நீங்களும் வாருங்கள்" என்றால் போகும். இது திறமையால் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்த பழக்கத்தால் வருவது. இளைய தலைவர் ஒருவர் பத்து மடங்கு நல்லவராக இருந்தாலும் இந்தக் காசு அவர் பையில் இருக்காது.

ஆளுங்கட்சிக்கும் அது தெரிந்திருந்தது. தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெர்சாத்துவைத் தற்காலிகமாகக் கலைக்கச் சங்கப் பதிவாளர் உத்தரவிட்டார். பெர்சாத்துவும் சேர்ந்த எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹரப்பான், தீபகற்ப மலேசியா முழுவதும் அன்வாருடைய கட்சியின் சின்னத்தில் நின்றது. யோசித்துப் பாருங்கள்: தான் சிறைக்கு அனுப்பிய மனிதரின் சின்னத்தில் மகாதீர் வாக்குக் கேட்டார். விளம்பரப் பலகைகளில் அவர் முகம் இருக்கக் கூடாது என்று தேர்தல் அதிகாரிகள் கத்தரித்து எடுத்தார்கள். ஜோகூரில் ஒரு பெரிய பலகையில், வரிசையாக நிற்கும் தலைவர்களின் நடுவே ஆள் உருவத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை செய்த பிரசாரத்தை எந்தச் சுவரொட்டியும் செய்திருக்காது.

வாக்களிப்பு மே 9, புதன்கிழமை. வேலை நாளில் வைத்தால் வெளியூர்க்காரர்கள் வரமாட்டார்கள் என்ற கணக்காகத்தான் மக்கள் அதைப் பார்த்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு பொதுவிடுமுறை அறிவித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் பஸ் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். 82 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. 222 இடங்களில் பக்காத்தானுக்கு 113. சபாவின் வாரிசான் கட்சியின் 8 இடங்களும் சேர்ந்தன. அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கு 79. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஆட்சிமாற்றம். மறுநாள் சாயங்காலமே அரண்மனைக்குப் போய்விட்ட மகாதீர், பல மணி நேரம் காத்திருந்து, இரவு பத்து மணியை ஒட்டிப் பதவியேற்றார். 92 வயது. உலகிலேயே மூத்த ஆட்சித்தலைவர்.

1987-இல் உள்ளே போன லிம் குவான் எங் நிதியமைச்சரானார். அவருடைய அப்பா லிம் கிட் சியாங், அமைச்சர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பழைய கோப்புகள்

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மே 16-இல் அன்வாருக்கு அரச மன்னிப்பு. ஜூன் 1 முதல் பொருள் சேவை வரி பூஜ்ஜியம். சீனாவோடு போட்டிருந்த கிழக்குக்கரை ரயில் திட்டத்தை நிறுத்திவைத்து, மறுபடி பேசி, 6,550 கோடி ரிங்கிட்டாக இருந்த செலவை 4,400 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். பேரம் பேசுவதில் பழுத்த கை தெரிந்தது. அமைச்சரவையில் இந்திய வம்சாவளியினர் நான்கு பேர். இளைஞர் துறை அமைச்சர் சைட் சாடிக்குக்கு 25 வயது. பிரதமருக்கும் அவருக்கும் இடையே 67 ஆண்டு.

ஆனால் பதவியேற்று ஒரு வாரத்திலேயே ஒரு சின்னச் சம்பவம். கல்வித் துறையைத் தானே வைத்துக்கொள்வதாக மகாதீர் அறிவித்தார். 1974-இல் அவர் பார்த்த துறை. பிரதமர் வேறெந்தத் துறையையும் வைத்துக்கொள்ள மாட்டார் என்பது கூட்டணியின் தேர்தல் வாக்குறுதி என்று யாரோ எடுத்துக்காட்டியதும் மறுநாள் பின்வாங்கினார். பார்ப்பதற்குச் சாதாரண விஷயம். ஆனால் கை எங்கே போகிறது என்று பாருங்கள்: பழக்கப்பட்ட அலமாரிக்கு.

அதன்பின் அந்த அலமாரியிலிருந்து கோப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புரோட்டோனுக்குப் பிறகு, பெரோடுவாவுக்குப் பிறகு, மூன்றாவது தேசிய கார். சிங்கப்பூருக்கு ஆயிரம் கேலன் தண்ணீர் 3 சென்னுக்கு விற்கும் 1962 ஒப்பந்தம். சிங்கப்பூர்ப் பாலத்தை வளைத்துக் கட்டும் பழைய யோசனை. கிழக்கே பாருங்கள் என்ற 1982 கொள்கை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் 2018-இல் வரிசையில் நின்று வாக்களித்தவன் இவற்றுக்காக நிற்கவில்லை. விலைவாசிக்காக நின்றான். 2019 நவம்பரில் தஞ்சோங் பியாய் இடைத்தேர்தலில் தேசிய முன்னணி 15,086 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. பதினெட்டு மாதத்துக்கு முன் பக்காத்தான் வென்ற தொகுதி அது.

இதற்கிடையே, 1988-இல் செய்ததையே மறுபடி செய்தார். 2018-இல் பெர்சாத்துவுக்குக் கிடைத்தது 13 இடம். கூட்டணியின் சின்னத் தம்பிகளில் ஒன்று. அம்னோவை விட்டு வந்த நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்சியை இரண்டு மடங்காக்கினார். வந்தவர்கள் தன் விசுவாசிகளாக இருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். 1988-இல் இருந்தார்கள். அப்போது பிரதமர் நாற்காலியும் அதை வைத்துத் தரக்கூடிய சலுகைகளும் அவர் கையில் மட்டும் இருந்தன என்பதால் இருந்தார்கள். 2019-இல் வந்தவர்கள் அம்னோவையும் அன்வாரையும் முகைதீனையும் எடைபோட்டபடியே வந்தார்கள்.

ஒரு வாரம்

சொன்னபடி பிரதமர் பதவியை அன்வாருக்கு எப்போது ஒப்படைப்பது? ஓரிரண்டு ஆண்டு என்று முதலில் சொன்னார். அப்புறம் தேதி தேய ஆரம்பித்தது. 2020 நவம்பரில் நடக்கவிருந்த ஏபெக் (ஆசிய-பசிபிக் நாடுகளின் பொருளாதார அமைப்பு) மாநாட்டுக்குப் பிறகு என்றார். பிப்ரவரி 21, வெள்ளி இரவு, கூட்டணித் தலைவர்கள் கூடினார்கள். வாக்குவாதத்துக்குப் பின், எப்போது இறங்குவது என்பதை மகாதீரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஞாயிறன்று பெட்டாலிங் ஜெயா ஷெரட்டன் ஓட்டலில் இன்னொரு கூட்டம். பெர்சாத்துவின் பெரும்பகுதி, அன்வாரின் கட்சியிலிருந்து பிரிந்த அஸ்மின் அலி கோஷ்டி, அம்னோ, இஸ்லாமியக் கட்சியான பாஸ், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். புதிய கூட்டணி. அதற்கும் மகாதீரே பிரதமராக இருக்கட்டும் என்று அவர்கள் தயாராக இருந்தார்கள். அம்னோவை மொத்தமாக ஏற்க முடியாது என்பது மகாதீரின் நிலைப்பாடு. அதனால்தான் விலகினேன் என்றே பிற்பாடும் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஊழல் வழக்கில் நிற்பவர்களோடு ஆட்சி நடத்த அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் ராஜினாமாவைத் தவிர வழி இல்லாமல் இல்லை. பிரதமராக இருந்தபடியே நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையை நிரூபிக்க முயன்றிருக்கலாம். அவர் எடுத்தது 2002-இன் வழி: நான் போகிறேன், வேண்டுமானால் வந்து கூப்பிடுங்கள். முதல் இரண்டு நாள் அது பலிக்கிற மாதிரியே தெரிந்தது. மாமன்னர் அவரை இடைக்காலப் பிரதமராக வைத்தார். எல்லாத் தரப்பும் அவர்தான் வேண்டும் என்றது. புதன்கிழமை தொலைக்காட்சியில் தோன்றி, கட்சி சாராத ஓர் அரசை அமைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னார். கட்சிக்காரர்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள்? எல்லோரையும் தாண்டி இவர் ஒருவரே ஆளப்பார்க்கிறார் என்றுதான். பக்காத்தான் அன்வாரை முன்மொழிந்தது. பெர்சாத்து முகைதீனை. சனிக்கிழமை சுதாரித்துக்கொண்டு பக்காத்தானோடு மறுபடி சேர்ந்து, பெரும்பான்மைக்கான பெயர்ப்பட்டியலோடு வந்தார். அதற்குள் அரண்மனை முகைதீனின் பெயரை அறிவித்துவிட்டது. மார்ச் 1 காலை பதவியேற்பு.

2002-க்கும் 2020-க்கும் என்ன வித்தியாசம்? 2002-இல் ராஜினாமாவை அவர் கொடுத்தது தன் கட்சிக்காரர்களிடம். அவர்கள் எதிர்காலமெல்லாம் அவர் கையில். 2020-இல் கொடுத்தது மாமன்னரிடம். பெரும்பான்மையின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்கலாம் என்கிறது மலேசிய அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு. பிரதமர் நாற்காலி காலியாகிற வரை அந்த அதிகாரத்துக்கு வேலை இல்லை. காலியாக்கியவர் மகாதீர். 222 உறுப்பினர்களையும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார் மாமன்னர். 1983-இலும் 1993-இலும் சுல்தான்களோடு மல்லுக்கு நின்று, அவர்களின் அதிகாரத்தையும் சட்டப் பாதுகாப்பையும் குறைத்தவர் இதே மகாதீர் என்பதை அன்று பலரும் நினைத்திருப்பார்கள்.

ஐம்பது வருஷ அனுபவசாலிக்கு இந்தச் சட்டப்பிரிவு தெரியாதா? மனப்பாடமாகத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, அது தனக்கு எதிராகத் திரும்பும் என்று தோன்றுவது வேறு. ஒருமுறைகூட அப்படித் திரும்பிப் பார்க்காதவருக்கு அது தோன்றியிருக்காது.

சுங்கை சிப்புட், ஒரு பக்கக் குறிப்பு

மகாதீரை மட்டும் வைத்து இதைப் பேசினால் விதிவிலக்கான ஒரு மனிதரின் கதையாகிவிடும். அவருடைய அமைச்சரவையிலேயே நெடுங்காலம் இருந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மலேசியத் தமிழர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

சாமிவேலு. பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகன், பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர், வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், கட்டடக் கலைஞர். 1974-இல் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தொகுதியில் ஜெயித்து, எட்டு தவணை அங்கேயே இருந்தார். 1979-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவரானவர் 2010 வரை இறங்கவில்லை. பொதுப்பணி அமைச்சராக நாடு முழுக்கச் சாலை போட்டவர். கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவர் முயற்சி. இதையெல்லாம் மறுத்தால் நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் பட்டணத்துப் புறம்போக்கில் வந்து குடியேறியபோது, தோட்டத்து மண்டோர் (கங்காணி) காலத்துக் கட்சி அமைப்பு அவர்களோடு வரவில்லை. பாடாங் ஜாவாவில் 2007 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25-இல் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் பேரணி. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் தெருக்களில் தண்ணீர்ப் பீரங்கிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் நடுவே நின்றார்கள். அவ்வளவு பெரிய கோபம் சமுதாயத்துக்குள் இருந்ததைக் கட்சித் தலைமை அளந்து வைத்திருக்கவில்லை. முப்பது வருஷத்தில் எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கியோ ஒதுக்கப்பட்டோ போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் "எல்லாம் சரியாத்தான் இருக்குங்க தலைவரே" என்பவர்கள்.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தல். அன்று சாமிவேலுவின் 72-ஆவது பிறந்தநாள். 1999-இலும் 2004-இலும் தன்னிடம் தோற்றிருந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் 1,821 வாக்கில் தோற்றார். ம.இ.கா.வின் 9 நாடாளுமன்ற இடங்கள் 3 ஆயின.

இங்கே அனுபவம் கெடுத்த விதம் வேறு. மகாதீர் ஆட்டத்தை அளவுக்கு மீறி ஆடியவர். சாமிவேலு, ஆட்டம் வேறு மைதானத்துக்குப் போய்விட்டதைக் கவனிக்காதவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஜெயக்குமார் திடீரென்று முளைத்த இளைஞர் அல்ல. பல ஆண்டு அந்தத் தொகுதியில் மருத்துவம் பார்த்து, ஏழைத் தொழிலாளர்களுக்காக வேலை செய்து, தோற்றுத் தோற்று மீண்டும் நின்றவர். அதுவும் நீண்ட அனுபவம்தான். பதவியில் சேர்ந்ததல்ல, தெருவில் சேர்ந்தது.

லங்காவி, 2022

2019 ஜூலை 16-இல் மகாதீர் அரசு ஒரு அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18; 18 வயதானவர்கள் தேர்தலிலும் நிற்கலாம்; பெயர்ப்பதிவும் தானியங்கி. அவையில் இருந்த 211 பேரும் ஆதரித்தார்கள், எதிர்ப்பு பூஜ்ஜியம். 2018-இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. 94 வயதுக்காரரின் அரசு செய்த சீர்திருத்தங்களில் நிலைத்து நிற்பது இது. அவருடைய பழைய கோப்புகளில் இது இல்லை. சைட் சாடிக் போன்ற இளையவர்கள் முன்னெடுத்தது. நல்ல யோசனைக்குப் பெரியவர் ஒருவர் தோள் கொடுத்தால் 211-க்கு பூஜ்ஜியம் என்று நிறைவேறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

புதிதாகப் பட்டியலுக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு மகாதீர் பாடப்புத்தகத்துப் பெயர். 1998 நெருக்கடியின்போது ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டதெல்லாம் அவர்கள் பிறப்பதற்கு முன்னால்.

2020 மே மாதம் பெர்சாத்து தன் நிறுவனரையே நீக்கியது. பெஜுவாங் என்று இன்னொரு கட்சி தொடங்கினார். 2022 நவம்பர் 19 தேர்தலில் 97 வயதில் மறுபடியும் லங்காவியில் நின்றார். மீன்பிடிக் குப்பமாக இருந்த தீவைச் சுற்றுலாத் தலமாக மாற்றியவர் என்று அங்கே இன்றும் பேர் உண்டு. கிடைத்த வாக்கு 4,566. ஐந்து பேரில் நான்காவது இடம், டெபாசிட் காலி. ஜெயித்தவருக்கு 25,463. பெர்சாத்து வேட்பாளர் அவர்; மகாதீர் தொடங்கிய கட்சி. 1969-க்குப் பிறகு 53 ஆண்டு கழித்து அவர் கண்ட முதல் தேர்தல் தோல்வி. ஜெர்லுனில் மகன் முக்ரிஸும் தோற்றார். பெஜுவாங்குக்கு ஓர் இடமும் இல்லை.

அதே ராத்திரி கிளந்தானின் குவா மூசாங்கில் இன்னொரு பெரியவரும் வாக்கு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தார். தெங்கு ரசாலி ஹம்சா, 85 வயது. 1974 முதல் அந்தப் பகுதியின் உறுப்பினர். 1987-இல் 43 வாக்கில் பிரதமர் நாற்காலியைத் தவறவிட்டவர். இந்த முறை 163 வாக்கில் தொகுதியைத் தவறவிட்டார். அவரைத் தோற்கடித்ததும் ஒரு பெர்சாத்து வேட்பாளர்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்த இரண்டு பேரும் ஒரே இரவில், ஒரே கட்சியிடம் விழுந்தார்கள்.

லிம் கிட் சியாங் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. 1969 முதல் தேர்தல் களத்தில் இருந்தவர். 81 வயதில், அந்த மார்ச் மாதமே, இனி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அவருடைய கட்சி 40 இடங்களில் வென்றது.

தொங்கு நாடாளுமன்றம். ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு, நவம்பர் 24 அன்று அன்வார் பிரதமரானார். 1998-இல் துரத்தப்பட்டபோது அவருக்கு 51. இளைய தலைமுறையின் முகம் என்று அப்போது எழுதினார்கள். பதவியேற்ற அன்று 75. மகாதீர் முதன்முறை பதவியிலிருந்து இறங்கியபோது இருந்த வயதுக்கு மூன்று குறைவு.